குதிரைக்கு மூச்சு வாங்குகிறதா? கடலூர், புதுச்சேரிப் பக்கம் புதிதாகக் குதிரை வளர்ப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

குதிரையால் வாய் வழியாக மூச்சு விட முடியாது. வெயிலில் ஓடிவந்த நாய் நாக்கைத் தொங்கவிட்டு இளைக்கும். குதிரைக்கு அந்த வசதி இல்லை. உள்ளே போகிற காற்றும் வெளியே வருகிற காற்றும் இரண்டு மூக்குத்துளை வழியாகத்தான். மூக்கில் சளி அடைத்தாலும், தொண்டையில் கட்டி வீங்கினாலும், நுரையீரல் குழாய்கள் சுருங்கினாலும் மாற்று வழி கிடையாது. பாய்ச்சலில் போகும்போது ஒரு தாவலுக்கு ஒரு மூச்சு என்று காலும் மூச்சும் சேர்ந்தே ஓடும். அதனால் மூச்சில் சின்னக் குறை வந்தாலும் முதலில் அது வேகத்தில் தெரியும், இருமல் அப்புறம்தான். குதிரை சோம்பேறியாகிவிட்டது என்று சாட்டையைத் தேடுவதற்கு முன் மூச்சைப் பாருங்கள்.

நம் பக்கம் குதிரை வாங்குகிறவர்களில் பலர் மாடு வளர்த்த பழக்கத்தோடு வருகிறார்கள். அது நல்லதுதான், அதிகாலையில் எழுந்து தீனி வைக்க அலுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் மாட்டுக் கொட்டகையில் காலங்காலமாகச் செய்கிற சில வேலைகள் குதிரையின் நுரையீரலுக்கு ஆகாது. பழைய வைக்கோலை உதறிப் போடுவது, கொசுவுக்கு மூட்டம் போடுவது, மழைக்கு நாலு பக்கமும் தார்ப்பாய் கட்டுவது, மூங்கில் குழாயில் மருந்து புகட்டுவது எல்லாம் அந்த வகை. நான் பார்த்தவரை இங்கே நாள்பட்டு இருமும் குதிரைகள் பலவற்றுக்குக் கிருமி காரணமில்லை, லாயத்துக் காற்றுதான் காரணம். அதனால் இந்தக் கட்டுரையில் ஊசி மருந்தைவிடக் காற்றைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன்.

மூச்சை எண்ணப் பழகுங்கள்

குதிரை நன்றாக இருக்கும்போதே எண்ணிப் பழக வேண்டும். நோய் வந்தபின் எண்ணினால் எதோடு ஒப்பிடுவது?

வெயில் ஏறுவதற்கு முன், தீனி வைப்பதற்கு முன் போங்கள். குதிரைக்குப் பக்கவாட்டில், கொஞ்சம் பின்தள்ளி நில்லுங்கள். முகத்துக்கு நேரே போனால் உங்களை மோப்பம் பிடிக்கத் தொடங்கும், எண்ணிக்கை கெட்டுவிடும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே ஒரு குழிவான இடம் இருக்கிறது. அதையே பாருங்கள். அது ஒரு தடவை ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். வளர்ந்த குதிரைக்கு நிமிடத்துக்கு 8 முதல் 16 வரை இருக்க வேண்டும். முதல் தடவை எண்ணுகிறவர்களுக்கு இது நம்ப முடியாத அளவு மெதுவாக இருக்கும். இரண்டு மூச்சுக்கு நடுவே குதிரை மூச்சு விடவே மறந்துவிட்டதோ என்று தோன்றும். அதுதான் சரியான நிலை. குட்டிகளுக்கு எண்ணிக்கை கூடுதல். கத்தரி வெயிலில் நடுப்பகலில் நிழலில் நின்றாலும் பெரிய குதிரைக்கு 20ஐத் தாண்டும். அதனால்தான் விடியற்காலைக் கணக்கை எடுக்கச் சொல்கிறேன்.

நாடி பார்க்க, தாடை எலும்பின் கீழ் விளிம்பில் உட்பக்கமாக விரலை நகர்த்துங்கள். பென்சில் கனத்தில் ஒரு ரத்தக்குழாய் விரலுக்கடியில் உருளும். ஓய்வில் 28 முதல் 44 துடிப்பு. உடல் வெப்பம் 99 முதல் 101.5 டிகிரி ஃபாரன்ஹீட். மருந்துக்கடையில் கிடைக்கிற டிஜிட்டல் தெர்மாமீட்டரே போதும், ஆசனவாயில் வைத்துப் பார்க்க வேண்டும். ஆனால் அதன் வெளியே நிற்கிற முனையில் நூல் கட்டி, நூலின் மறுமுனையை ஒரு துணிக் கிளிப்பால் வால்முடியில் மாட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் முழுதாக உள்ளே போய்விடும், அல்லது லத்தியோடு கீழே விழுந்து உடையும். நிற்பது எப்போதும் பக்கவாட்டில்தான், பின்னால் இல்லை.

ஒரு வாரம் காலையும் மாலையும் எடுத்து லாயத்துச் சுவரில் சாக்பீஸால் எழுதி வையுங்கள். போனில் குறித்து வைத்தால் நீங்கள் ஊரில் இல்லாத நாளில் குதிரையைப் பார்த்துக்கொள்கிற பையனுக்கு அது உதவாது.

எண்ணிக்கை எவ்வளவு முக்கியமோ, மூச்சு விடுகிற விதமும் அவ்வளவு முக்கியம். நல்ல குதிரை ஓய்வில் மூச்சு விடுவது கண்ணுக்கே சரியாகத் தெரியாது. மூச்சை வெளியே தள்ளும்போது வயிறு ஒரு தடவை இறுகி, நின்று, மறுபடி ஒரு தடவை இறுகினால், காற்றுக் குழாய்கள் சுருங்கியிருக்கின்றன என்று பொருள். மாதக்கணக்கில் இப்படி உந்தித் தள்ளித் தள்ளி அந்த வயிற்றுத் தசை தடித்துவிடும். அப்போது விலாக்கூட்டின் கீழோரமாக, முன்னிருந்து பின்னோக்கிச் சாய்வாக ஒரு கோடு விழுந்திருக்கும். மெலிந்த குதிரையில் தெரிகிற விலா எலும்பு வேறு, இது வேறு. எலும்பு வரிவரியாகத் தெரியும், இது ஒற்றைக் கோடு. வாங்கப் போகிற குதிரையில் இந்தக் கோட்டைப் பார்த்தால் விலை பேசாமல் திரும்பிவிடுங்கள்.

இருமலும் மூக்கொழுகலும்

ஓட்டத் தொடங்கும்போது எல்லாக் குதிரையும் ஒன்றிரண்டு தடவை இருமும், தொண்டையைச் சரிசெய்துகொள்ளும் என்பார்கள். நம்பாதீர்கள். குதிரை எளிதில் இருமாத பிராணி. தினமும் தீனி தின்னும்போதோ ஓட்டம் தொடங்கும்போதோ இருமினால், உள்ளே அழற்சி இருக்கிறது.

மூக்கில் தண்ணீராகக் கொஞ்சம் கசிவது சாதாரணம். இரண்டு துளையிலும் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ கெட்டிச் சளி வந்தால் நுரையீரல் அல்லது தொண்டைப் பக்கம் கோளாறு. ஒரே துளையில் மட்டும், அதுவும் அழுகல் வாடையோடு வந்தால் பல்லைச் சந்தேகப்படுங்கள். மேல்தாடைக் கடைவாய்ப் பற்களின் வேர்கள் முகத்தில் இருக்கிற காற்றறைகளுக்குள் நிற்கின்றன, வேர் சீழ்பிடித்தால் அது மூக்கு வழியாகத்தான் இறங்கும். அந்தப் பல்லைக் கவனிக்காமல் ஆன்டிபயாடிக் போட்டால், மருந்து நிறுத்திய வாரமே மறுபடி ஒழுகும். சும்மா நிற்கிற குதிரைக்கு ஒரு துளையில் ரத்தம் வந்தால் தள்ளிப்போடவே கூடாது. தொண்டைக்கு மேலே காது ஓரமாக உள்ள பையில் பூஞ்சை பிடித்துப் பெரிய ரத்தக்குழாயை அரித்துக்கொண்டிருக்கலாம். வேகமாக ஓடியபின் இரண்டு துளையிலும் ரத்தம் வருவது நுரையீரலிலிருந்து. அதுவும் டாக்டர் பார்க்க வேண்டியதுதான்.

பாய்ச்சலில் மூச்சை உள்ளே இழுக்கும்போது மட்டும் உறுமலோ விசிலோ கேட்டால், குரல்வளையின் இடப்பக்க நரம்பு செயலிழந்திருக்கலாம். தூசியைக் குறைத்து இதைச் சரிசெய்ய முடியாது, எண்டோஸ்கோப் என்கிற கேமராக் குழாயை மூக்கு வழியாக விட்டுப் பார்க்க வேண்டும்.

இன்னொரு சத்தமும் உண்டு, நம் ஊருக்கே உரியது. மாட்டுக்குப் போட்ட கோ-4 புல் கொல்லையில் நிற்கிறது, அதையே வெட்டிக் குதிரைக்கும் போடுகிறோம், கூடவே நிறையத் தவிடு. கோ-4 மாதிரியான நேப்பியர் வகைப் புல்லில் ஆக்ஸலேட் என்கிற உப்பு அதிகம். அது கால்சியத்தை உடம்பில் சேரவிடாது. தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம். அது நிலைமையை இன்னும் கெடுக்கும். உடம்பு எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கத் தொடங்கும், மாதங்கள் போகப்போக முகத்தெலும்பு உப்பி மூக்குப்பாதை குறுகும். மூச்சில் குறட்டைச் சத்தம் வரும், நடை கட்டையாகும். நுரையீரல் மருந்து எத்தனை கொடுத்தாலும் பயன் இராது. கோ-4ஐ மட்டுமே நம்பாமல் அருகம்புல்லும் குதிரைமசாலும் கலந்து போடுங்கள், தவிட்டைக் குறையுங்கள், கால்சியம் எவ்வளவு சேர்ப்பது என்று டாக்டரைக் கேளுங்கள்.

காத்திருக்கக் கூடாத நேரம்

குளிர்ந்த நேரத்தில், ஓய்வில் மூச்சு 30ஐத் தாண்டுகிறது. மூக்குத்துளை விரிந்தே நிற்கிறது. கழுத்தை முன்னே நீட்டி, முழங்கைகளை அகட்டி நிற்கிறது. ஈறு நீலமாகவோ சாம்பல் நிறமாகவோ இருக்கிறது. காய்ச்சல் 103க்கு மேல். இதில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று இருக்காதீர்கள். தமிழ்நாட்டில் கால்நடை அவசர ஊர்திக்கு 1962. புதுச்சேரியில் குரும்பாபேட்டை ராஜீவ்காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரியில் மருத்துவமனை இருக்கிறது. பெரிய பரிசோதனை தேவைப்பட்டால் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி. எண்டோஸ்கோப் வேண்டியிருந்தால் முன்கூட்டியே போன் செய்து கேட்டுவிட்டு வண்டியேற்றுங்கள்.

டாக்டர் வரும்வரை நிழலில், காற்றோட்டமான இடத்தில் நிறுத்துங்கள். தலையைக் குட்டையாகவோ உயரமாகவோ கட்டாதீர்கள், அது விரும்புகிற உயரத்தில் வைத்துக்கொள்ளட்டும். நடத்த வேண்டாம், எதையும் வாயில் ஊற்ற வேண்டாம்.

இரண்டு மூக்கிலும் தீனி கலந்த பச்சை நீர் ஒழுகி, குதிரை கழுத்தை நீட்டி நீட்டி இருமினால் அது சளி இல்லை. உணவுக்குழாயில் தீனி அடைத்திருக்கிறது. நனைக்காத தவிடு, அரக்கப்பரக்கத் தின்ற கொள்ளு, பல் தேய்ந்த கிழக் குதிரை என்றால் இது சகஜம். தீனி, தண்ணீர் இரண்டையும் உடனே எடுத்துவிடுங்கள். எண்ணெய் ஊற்றாதீர்கள், குச்சி விட்டுத் தள்ளாதீர்கள். அடைப்பு நீங்கினாலும் நுரையீரலுக்குள் துணுக்கு இறங்கியிருக்கலாம் என்பதால் அடுத்த சில நாள் வெப்பம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

நுரையீரல் நன்றாக இருக்கும்போதும் மூச்சு வேகமாகலாம் என்பதை மறக்காதீர்கள். வயிற்றுவலி வந்த குதிரை அப்படித்தான் மூச்சு வாங்கும். ஈறு வெளுத்திருந்தால் ரத்தசோகை. சர்ரா என்கிற ரத்த ஒட்டுண்ணி நோய் அதற்கு ஒரு காரணம். உடம்பு விறைத்து, வால் தூக்கி, மூக்கு விரிந்து நின்றால் தசைவிறைப்புச் சன்னி, அதாவது டெட்டனஸ். குதிரைக்கு அந்தத் தடுப்பூசி கட்டாயம்.

காய்ச்சலோடு இருமினால்

முதல் வேலை, தனியே கட்டுவது. டாக்டர் வந்து என்ன நோய் என்று சொல்லும்வரை காத்திருக்க வேண்டாம். தனி வாளி, தனி துணி, தனி சீப்பு.

ஃபுளூ என்றால் வறட்டு இருமலும் கடும் காய்ச்சலும் ஒன்று முதல் மூன்று நாளுக்குள் லாயம் முழுக்கப் பரவும். இந்தியாவில் 1987லும் 2008-09லும் பெரிய அளவில் பரவியது. இதற்குத் தடுப்பூசி உண்டு. பல குதிரைகள் வந்துபோகிற இடத்தில் உங்கள் குதிரை நிற்கிறது என்றால் போட்டுவிடுவது நல்லது.

தாடைக்கடியில் நெறிகட்டி, சாப்பிட முடியாமல், கெட்டியான மஞ்சள் சளி ஒழுகினால் ஸ்ட்ராங்கில்ஸ். இது பாக்டீரியா நோய். கட்டியை அவசரப்பட்டுப் பிதுக்காதீர்கள். சூடான ஒத்தடம் கொடுத்துப் பழுக்கவிட்டு டாக்டர் கீறிவிடுவார். கட்டி பழுக்கிற நேரத்தில் ஆன்டிபயாடிக் போடலாமா கூடாதா என்பது குதிரையைப் பார்த்து அவர் எடுக்க வேண்டிய முடிவு. இந்த நோயில் நமக்குச் சாதகமான விஷயம் ஒன்று இருக்கிறது: காய்ச்சல் ஏறி இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் குதிரை கிருமியைப் பரப்பத் தொடங்குகிறது. தினம் இரண்டு தடவை எல்லாக் குதிரைக்கும் வெப்பம் பார்த்து, ஏறியதை அன்றே பிரித்துவிட்டால் மற்றவை தப்பும். பொதுத் தண்ணீர்த் தொட்டியை மூடிவிட்டு வாளிக்கு மாறுங்கள். கட்டி ஆறியபின்னும் சில குதிரைகள் தொண்டைப் பையில் கிருமியை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் பரப்பும்.

கிளாண்டர்ஸ் என்ற பெயரையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டும் சளி, மூக்கின் உள்ளே புண், காலில் வரிசையாகக் கட்டி. இது மனிதருக்கும் தொற்றும், உயிரை எடுக்கும். 2009ஆம் ஆண்டின் விலங்கு நோய்த் தடுப்புச் சட்டப்படி உடனே தெரிவிக்க வேண்டிய நோய். ரத்தம் ஹிசாரில் உள்ள தேசியக் குதிரை ஆராய்ச்சி மையத்தில் பரிசோதிக்கப்படும். இதற்கு வீட்டில் வைத்துச் சிகிச்சை என்று எதுவும் கிடையாது. சந்தேகம் வந்தால் கையுறை இல்லாமல் மூக்கைத் துடைக்காதீர்கள்.

மூன்று நாலு மாதக் குட்டி காய்ச்சலோடு மூச்சு வாங்கினால் வீட்டில் வைத்துப் பார்க்கவே வேண்டாம். புழுதி மண்ணிலிருந்து வருகிற ஒருவகை நிமோனியா குட்டிகளைத் தாக்கும். வெளியே தெரியும்போது உள்ளே கட்டிகள் பெருகியிருக்கும்.

காய்ச்சல் இல்லாத இருமல்

இதுதான் நம் பக்கத்து நோய். காய்ச்சல் இல்லை, நன்றாகத் தின்கிறது, ஆனால் இருமுகிறது, ஓட்டம் குறைகிறது. குதிரை ஆஸ்துமா. தூசி, பூஞ்சை வித்து, மூத்திரத்திலிருந்து கிளம்புகிற அமோனியா வாடை மூன்றும் சேர்ந்து காற்றுக் குழாயைப் புண்ணாக்கி, சளியைப் பெருக்கி, கடைசியில் குழாயைச் சுருக்குகின்றன. இளங்குதிரைக்கு லேசாக வரும். ஏழெட்டு வயது தாண்டியதற்குக் கடுமையாக வரும். முழுதாகக் குணமாகாது, ஆனால் காற்றைச் சரிசெய்தால் அடங்கியே இருக்கும்.

வைக்கோலிலிருந்து தொடங்குங்கள். காலை வெயில் லாயத்துக்குள் சாய்வாக விழுகிற நேரத்தில், ஒரு கை வைக்கோலை எடுத்து அந்த ஒளிக்கற்றையில் உதறுங்கள். கிளம்புகிற புகை எவ்வளவு நேரம் மிதக்கிறது என்று பாருங்கள். குதிரை அதற்குள்தான் மூக்கை நுழைத்து மணிக்கணக்கில் தின்கிறது. மழையில் அறுத்த குறுவை வைக்கோல், இயந்திரத்தில் ஈரத்தோடு சுருட்டிய கட்டு, ஐப்பசி கார்த்திகையில் நனைந்த போர், இந்த மூன்றும் குதிரைக்கு வேண்டாம். கட்டின் நடுவே கையை விட்டால் சூடாக இருந்தால், உள்ளே பூஞ்சை வளர்கிறது. வெயிலில் காயப்போட்டால் சரியாகிவிடும் என்று நினைக்கக் கூடாது: ஈரம் போகும், பூஞ்சை வித்து போகாது. காய்ந்தபின் இன்னும் நன்றாகப் பறக்கும். மல்லாட்டைக் கொடியும் அப்படியே. மழையில் பிடுங்கியதாக இருந்தால் மண்ணும் பூஞ்சையுமாக இருக்கும்.

நல்ல வைக்கோலைத் தை, மாசியில் சம்பா அறுவடையில் வாங்கி வைத்தாலும், இருமுகிற குதிரைக்கு நனைத்துத்தான் போட வேண்டும். மேலே தண்ணீர் தெளித்தால் போதாது. தொட்டியில் முழுக்க அமுக்கி 15 முதல் 30 நிமிடம் ஊறவிட்டு, தூக்கி வடித்து, ஈரமாகவே போடுங்கள். நம் வெயிலில் ஊறிய வைக்கோல் மதியத்துக்குள் புளித்துவிடும், அதனால் ஒரு வேளைக்கு வேண்டியதை மட்டும் நனையுங்கள். அந்தத் தண்ணீரைக் குதிரை குடிக்கவிடாமல் கொட்டிவிடுங்கள். உண்மையைச் சொன்னால், நெல் வைக்கோல் குதிரைக்குச் சத்தான தீனியே இல்லை. பசும்புல் கிடைக்கிற அளவுக்கு வைக்கோலைக் குறைப்பதுதான் சிறந்த மருந்து. தீனியைத் தலை உயரத்தில் வலையில் தொங்கவிடாமல் தரைமட்டத்தில் அகலத் தொட்டியில் வையுங்கள். தலை குனிந்து தின்னும்போது சளி தானாக வெளியே வடியும். வெறும் மணலில் மட்டும் போடாதீர்கள். மணலும் சேர்ந்து குடலுக்குள் போகும்.

அடுத்தது தரை. லாயத்துக்குள் போய்க் குந்தி உட்கார்ந்து, உங்கள் மூக்கைக் குதிரை படுத்தால் அதன் மூக்கு இருக்கிற உயரத்துக்குக் கொண்டுபோங்கள். கண் கரித்தால் மூத்திர வாடை அதிகம். நின்றுகொண்டு முகர்ந்தால் இது தெரியாது. ஈரமான படுக்கையை அன்றாடம் அள்ள வேண்டும். வாடைக்குப் பிளீச்சிங் பவுடர் தூவுவது சிலருக்கு வழக்கம். மூத்திரத்தோடு அது சேர்ந்தால் வரும் ஆவி நுரையீரலை இன்னும் எரிக்கும். படுக்கைக்கு மரமில் தூளைவிட, தச்சுப் பட்டறையில் கிடைக்கும் இழைப்புச் சுருள் மேல். தூள் பறக்கும், சுருள் பறக்காது. ரப்பர் விரிப்பு போட்டவர்கள் அதைத் தூக்கி அடியிலும் கழுவுங்கள். பெருக்குவதும் வைக்கோல் உதறுவதும் குதிரையை வெளியே கட்டியபின். வைக்கோல் போரை லாயத்துக்கு மேலே பரணில் வைக்காதீர்கள்.

கூரைக்கும் சுவருக்கும் நடுவே இரண்டு பக்கமும் நல்ல இடைவெளி வேண்டும், சூடான காற்று மேலே போக வழி வேண்டும். கீற்றுக் கொட்டகை இதற்கு நன்றாக ஒத்துவரும். தகரக் கொட்டகை கோடையில் அடுப்பு. குதிரைக்குக் குளிரும் என்று மார்கழியில் மூடிக் கட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆச்சரியம்தான். நம் ஊர்க் குளிர் குதிரையை ஒன்றும் செய்யாது, மூடிய லாயம் செய்யும். 2011 டிசம்பரில் வந்த ‘தானே’, 2024 நவம்பரில் வந்த ‘ஃபெஞ்சல்’ மாதிரிப் புயல் வந்தால் மூடித்தான் ஆக வேண்டும். புயல் கடந்ததும் முதல் வேலையாகத் தார்ப்பாயை அவிழ்த்து, நனைந்த படுக்கை முழுவதையும் வெளியே கொட்டுங்கள்.

வேப்பந்தழை மூட்டம் புனிதம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். கொசு போகும், சரி. ஆஸ்துமாக் குதிரை இரவெல்லாம் இருமும். லாயத்தைச் சுற்றிக் கொசுவலை அடியுங்கள், உயரத்தில் ஒரு ஃபேன் போடுங்கள். வீசும் காற்றில் கொசு உட்காராது. ஒயரைக் குதிரையின் வாய்க்கு எட்டாமல் இழுங்கள். போகியன்று காலையிலும் தீபாவளி இரவுக்கு மறுநாளும் வேலை வாங்காதீர்கள். தொழிற்சாலை வாடை காற்றில் வருகிற நாளிலும் ஓட்டத்தைத் தள்ளிப்போடுங்கள்.

இவ்வளவும் செய்தபின் பலன் தெரியச் சில வாரம் ஆகும். நடுவில் ஒரே ஒரு நாள் யாரோ பழைய வைக்கோலைப் போட்டுவிட்டால் பல நாள் முன்னேற்றம் வீணாகும். பக்கத்தில் கட்டியிருக்கிற குதிரைக்கு உதறுகிற தூசியும் இதற்குப் போதும், ஆகவே லாயம் முழுவதற்கும் ஒரே விதி.

வியர்க்காத குதிரை

கடலோர ஊர்களில் இன்னொரு சிக்கல் உண்டு, புதியவர்கள் இதை நிமோனியா என்று நினைத்து ஊசிமேல் ஊசி போடுவார்கள். குதிரை தன் சூட்டை முக்கியமாக வியர்வையால்தான் தணிக்கிறது. நம் பக்கம் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை உலராது, சூடு இறங்காது. மாதக்கணக்கில் இதைத் தாங்கித் தாங்கிச் சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுபோகிறது. வெளியூரிலிருந்து வந்ததற்கும் வரும், இங்கேயே பிறந்ததற்கும் வரும்.

கண்டுபிடிக்க, காலையில் சிறிது நேரம் துள்ளுநடையில் விட்டுவிட்டு உடம்பைத் தடவிப் பாருங்கள். நல்ல குதிரைக்குக் கழுத்து, மார்பு, விலா எல்லாம் நனைந்திருக்கும். வியர்க்காத குதிரைக்குப் பிடரிமயிருக்கு அடியில், சேணத்துக்கு அடியில், பின்னங்கால் இடுக்கில் மட்டும் பிசுபிசுப்பு. மற்ற இடம் காய்ந்து, தொட்டால் சுடும். நெற்றியில் முடி உதிர்ந்து தோல் செதில்செதிலாக இருக்கலாம். அரைமணி ஓய்வுக்குப் பின்னும் மூச்சு இறங்காது, சில நேரம் நாடித்துடிப்பையே தாண்டும். ஆனால் இருமல் இல்லை, சளி இல்லை, இரவில் குளிர்ந்ததும் மூச்சு சாதாரணமாகிவிடும். அந்த இரவு நேர மாற்றம்தான் பெரிய அடையாளம். டாக்டர் கழுத்துத் தோலில் ஒரு மருந்தைத் துளித்துளியாக ஏற்றி, வியர்வை துளிர்க்கிறதா என்று பார்த்து உறுதி செய்வார்.

இதற்கு நிச்சயமான மருந்து இல்லை. பகலில் நிழலும் ஃபேனும், இரவில் திறந்த வெளி, வேலை விடியலில் மட்டும். தவிட்டில் தினம் இரண்டு மேசைக்கரண்டி உப்பு, தண்ணீர் எந்நேரமும். கல்யாண ஊர்வலத்துக்கு விடுகிறவர்கள் கவனியுங்கள்: ஜரிகைத் துணி கனமாகப் போர்த்தி, ஜெனரேட்டர் புகைக்குப் பக்கத்தில், பேண்ட் சத்தத்துக்கு நடுவே நிறுத்தி வைப்பது வியர்க்காத குதிரைக்குத் தண்டனை. மே மாதத்தில் அப்படிப்பட்ட குதிரையை அனுப்பாதீர்கள். முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

சூடேறிவிட்டால் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றுங்கள், நிறுத்தாமல் ஊற்றுங்கள். சூடான உடம்பில் பச்சைத் தண்ணீர் பட்டால் பிடித்துக்கொள்ளும் என்ற பயம் தேவையில்லை. ஈரத்துணியைப் போர்த்தி விடுவதுதான் தவறு. துணி சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வெப்பம் 104க்கு மேல் நின்றால் டாக்டரைக் கூப்பிட்டுக்கொண்டே ஊற்றுங்கள்.

மருந்தைப் பற்றி

ஆஸ்துமாவுக்கு டாக்டர் ஸ்டீராய்டு கொடுப்பார், குழாயை விரிக்கிற மருந்தும் கொடுப்பார். டெக்ஸாமெதசோன் என்கிற ஸ்டீராய்டு ஊசி போட்டால் ஓரிரு நாளில் குதிரை புதுக்குதிரையாகத் தெரியும். அதைப் பார்த்துவிட்டு மருந்துக்கடையில் தானே வாங்கிப் போட ஆரம்பிக்கிறார்கள், வைக்கோல் மட்டும் மாறாது. ஸ்டீராய்டு குளம்பு அழற்சியைக் கிளப்பலாம், மறைந்திருக்கிற தொற்றை வளர்த்துவிடும். காய்ச்சல் இருக்கும்போது தானாகப் போடவே கூடாது. மனிதர்க்கான பிரெட்னிசோன் மாத்திரை குதிரையின் உடம்பில் சரியாகச் சேராது, பிரெட்னிசோலோன் சேரும். ஓர் எழுத்து வித்தியாசம்தானே என்று மாற்றி வாங்காதீர்கள். பந்தயக் குதிரை என்றால் குழாயை விரிக்கிற கிளென்புட்டரால் போன்றவை தடை மருந்துகள்.

மாட்டு மருந்தில் இருமடங்கு கவனம் வேண்டும். லின்கோமைசின் என்கிற ஆன்டிபயாடிக் குதிரைக்குக் கொல்லும் கழிச்சலைக் கொண்டுவரும். மோனென்சின் என்கிற மருந்து கலந்த கோழித் தீவனமோ மாட்டுத் தீவனமோ சிறிதளவு போனாலும் இதயத்தைத் தாக்கும்.

நாட்டு மருந்தை நான் குறை சொல்ல வரவில்லை. துளசியைத் தவிட்டில் கலந்து வைப்பதில் தவறில்லை. சினைக் குதிரைக்கு ஆடாதோடை மட்டும் வேண்டாம். புகட்டுகிற முறைதான் ஆபத்து. தலையைத் தூக்கிப் பிடித்து மூங்கில் குழாயில் கஷாயமோ எண்ணெயோ ஊற்றினால் பாதி நுரையீரலுக்குப் போகும். எண்ணெய் இறங்கிய நுரையீரலைச் சரிசெய்வது மிகவும் கடினம். மூக்கில் விடுவது அதைவிட மோசம்.

பூச்சி மருந்தையும் விட்டுவிடாதீர்கள். குட்டிகளின் குடற்புழு நுரையீரல் வழியாகப் பயணப்படும்போது இருமல் வரும். மேய்ச்சலில் கழுதைகள் கூட இருந்தால் நுரையீரல் புழு ஒட்டும். கழுதை இருமாது, குதிரைதான் இருமும். ஐவர்மெக்டின் இதற்குக் கேட்கும், எடைக்கு ஏற்ற அளவைக் கேட்டுக்கொண்டு கொடுங்கள்.

ஃபுளூ வந்து தேறிய குதிரைக்கு, காய்ச்சல் இருந்த ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வாரம் ஓய்வு என்பது வழக்கமான கணக்கு. மூன்று நாள் காய்ச்சல் என்றால் மூன்று வாரம். இருமல் நின்றதுமே வெள்ளிக் கடற்கரை மணலில் ஓடவிட்டால் நுரையீரல் முழுதாக ஆறாது.

புதுக் குதிரை வரும்போது

ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போகிறவர்கள் அழகையும் நடையையும் பார்ப்பார்கள். நீங்கள் அதோடு, ஓட்டிக் காட்டச் சொல்லி நிறுத்தியபின் மூச்சை எண்ணுங்கள். சில நிமிடங்களில் இறங்கத் தொடங்க வேண்டும். தாடைக்கடியில் தடவுங்கள், இரண்டு மூக்கிலும் ஈரம் எப்படி என்று பாருங்கள். விற்பவர் மூக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

லாரியில் தலையை உயரக் கட்டி நெடுந்தூரம் கொண்டுவந்தால், குனிந்து சளியை வடியவிட முடியாமல் நிமோனியா பிடிக்கும். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்தி, கயிற்றைத் தளர்த்தி, தலை கீழே போகட்டும், தண்ணீர் காட்டுங்கள். வந்து சேர்ந்தபின் மூன்று வாரம் தனிக் கொட்டகை, காலையும் மாலையும் வெப்பம். கிளாண்டர்ஸ் ரத்தப் பரிசோதனைக்கு இந்த நாட்களிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். பழைய குதிரைகளின் வேலையை முடித்துவிட்டுக் கடைசியாகப் புதியதிடம் போங்கள், கையையும் செருப்பையும் கழுவிவிட்டுத் திரும்புங்கள். ஒரு நாளும் காய்ச்சல் ஏறாமல் மூன்று வாரம் கழிந்து, ரத்த முடிவும் சரியாக வந்தால், பொதுத் தொட்டியில் தண்ணீர் குடிக்க விடலாம்.